இடது பக்கம் சாய்ந்த முடிச்சு

"உன்கிட்ட வாங்கின பைதான் தேவேந்திரா, வார் பிஞ்சிபோச்சு பாரு" என்று பொன்னேரி டீச்சரம்மா தோல்பையை நீட்டுகிறார். தேவேந்திரன் அதை ஏரிப்பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில் உள்புறம் வெளியே வரப் புரட்டுகிறான். செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே தொழில் பழகியவன் அவன். ஆனால் தையல் முடியும் இடத்தில் மட்டும், எந்த வீடியோவும் சொல்லித்தராத வலைமுடிச்சைப் போட்டு இறுக்குவான். பழவேற்காட்டில் வேறு யாரும் பை தைப்பதில்லை. இந்தப் பையிலும் அந்த முடிச்சு இருக்கிறது, ஆனால் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. அவன் வலக்கைக்காரன், அவன் போடும் முடிச்சு அப்படிச் சாயாது. தோல் என்னவோ அவன் பரணில் வைத்திருந்த அதே தோல்தான், மாட்டின் பழைய தழும்போடு.

"என்கிட்டயா வாங்குனீங்க?"

"நீ கடலுக்குப் போயிருந்தே. வீட்ல ஒரு பொம்பள எடுத்துக் குடுத்தாங்க."

வாசலில் அண்ணன் ராஜவேலு கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருக்கிறார். அவர் இடக்கையில் வலையூசி கண்ணிக்குள் போய்ப் போய் வருகிறது. உள்ளே அண்ணி பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நிற்கிறது. கருவாட்டு வாசனையோடு காற்று ஒருமுறை வீசி அடங்குகிறது. தேவேந்திரன் பையைத் தடவிக்கொண்டிருக்கிறான்.

அண்ணன் தலை நிமிராமல் கேட்கிறார்.

"இன்னாடா, முடிச்சு அவுந்துகிச்சா?"

முடிச்சைப் பற்றி அங்கே இதுவரை யாரும் பேசவில்லை.