பழைய வாஷர்

சதுரங்கப்பட்டினத்துப் படகு எஞ்சினின் டீசல் குழாயில் கசிவு. ஐயம்பேட்டை மெக்கானிக் பரசுராமனிடம் புது வாஷர் தீர்ந்துபோயிருந்தது. பழையதையே திருப்பிப் போட்டு முடுக்கினான். வழக்கம்போல் அந்தக் குழாய் இணைப்பைத் துடைத்து விபூதி தூவினான்; துளி கசிந்தாலும் விபூதி கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எஞ்சினை ஓட்டி நிறுத்தினான். வெள்ளையாகவே இருந்தது.

"புது வாஷர்தானேண்ணா?" என்றான் படகுக்கார எத்திராஜ். "காலைல கடலுக்குப் போவணும்."

"புதுசுதான்பா." சொல்லும்போதே பரசுராமனுக்கு நாக்கு கூசியது.

எத்திராஜ் எஞ்சினைக் கும்பிட்டான். குழாய்மேல் இருந்த விபூதியையே ஒரு சிட்டிகை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டான்.

குழாய்மேல் மிச்சமிருந்தது உலர்ந்தே கிடந்தது. எத்திராஜின் நெற்றியில் இருந்தது மெல்லக் கறுத்தது. புருவத்தைத் தாண்டி ஒரு சொட்டு டீசல் வழிந்தது.

"இன்னாண்ணா," என்றான் எத்திராஜ், "மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேன்ற?"