முகம் பார்க்கும் கல்

நாச்சிமுத்து மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, விற்பனைக்கு வைத்திருந்த கல்லின் மேல் நல்லெண்ணெயை ஊற்றினார். செருப்பைக் கழற்றிவிட்டு அதன் மேல் ஏறி நின்று, குதிகாலால் தேய்த்துப் பார்த்தார்.

கல் கடைக்காரர் அப்துல் கையூமுக்குச் சிரிப்பு வந்தது. வத்தலக்குண்டு ரோட்டில் இருபது வருடமாகத் தரைக்கல் விற்கிறார். கல்லைத் தட்டிச் சத்தம் பார்ப்பவர்கள் உண்டு, தண்ணீர் தெளித்து விரிசல் தேடுபவர்கள் உண்டு. கல்லை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியவர் இவர் ஒருவர்தான்.

"இது வேணாம் பாய். வழுக்குது" என்று நாச்சிமுத்து இறங்கினார்.

கையூமுக்கு இந்த மனிதரை நன்றாக ஞாபகம் இருந்தது. செம்பட்டிப் பக்கத்து விவசாயி. போன வருடம் மகள் கல்யாணம் முடிந்த கையோடு வந்து, பின்வாசல் முற்றத்துக்குப் பாலிஷ் போட்ட கறுப்புக் கிரானைட்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர். தண்ணீர் புழங்குகிற இடத்துக்கு அந்தக் கல் ஆகாது என்று கையூம் படித்துப் படித்துச் சொன்னார்.

"தல தீபாவளிக்கு மாப்ள வாராரு பாய். குனிஞ்சாக் கல்லுல அவரு மொகம் தெரியணும்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அந்த நாச்சிமுத்து இப்போது பாதியாக இளைத்திருந்தார். தாடி வேறு. பழனிக்கு வேண்டுதலாக இருக்கும் என்று கையூம் நினைத்துக்கொண்டார்.

தான் சொன்னது பலித்துவிட்டால் எந்த வியாபாரியின் வாய்தான் சும்மா இருக்கும்? "போன வருசமே சொன்னேன்லண்ணே. நம்ம பேச்ச யாரு கேக்குறா? பட்டாத்தான் தெரியும்" என்றார்.

"ஆமா பாய்" என்றார் நாச்சிமுத்து.

நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கிரானைட்டைக் கையூம் இழுத்துப் போட்டார். இதில் எண்ணெய்ச் சட்டியையே கவிழ்த்தாலும் யானை நின்று ஆடலாம் என்றார். நாச்சிமுத்து அதில் எண்ணெய் ஊற்றவில்லை. முழங்கையை அழுத்தி இழுத்துப் பார்த்தார். தோல் வெள்ளை வெள்ளையாகக் கீறிவிட்டது.

"முட்டி தேஞ்சுரும் பாய்."

கையூமுக்கு அப்போதுதான் விளங்கியது. பேரப்பிள்ளையா என்று கேட்டார். பேரன்தான், அஞ்சாவது மாசம், குப்புற விழுந்து நீந்துகிறான் என்றார் நாச்சிமுத்து. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்து போனது.

எண்ணெய்க்கும் அர்த்தம் கிடைத்துவிட்டதில் கையூம் கலகலப்பாகிவிட்டார். பிள்ளைக்குக் காலை நீட்டிப் போட்டு எண்ணெய் தேய்ப்பது முற்றத்தில்தானே? அவர் வீட்டிலும் இரண்டு பேத்திகள் அப்படி வளர்ந்தவர்கள்தான். ஆனாலும் ஒன்று இடித்தது.

"அஞ்சு மாசம் முடிஞ்சா மாப்ள வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்களேண்ணே. ஒங்க முத்தத்துல எங்க தவழப் போறான்?"

"எங்கயும் போகல. தாயும் பிள்ளையும் இனி இங்கனதான்."

"அப்ப மாப்ளையவும் வீட்டோட வச்சுக்கிட்டீங்கன்னு சொல்லுங்க. கெட்டிக்காரருண்ணே நீங்க" என்று கையூம் கேலி செய்தார். நாச்சிமுத்து குனிந்து அடுத்த கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். காதில் விழவில்லை போலும்.

அது லெதர் ஃபினிஷ் போட்ட சாம்பல் நிறக் கல். கண்ணுக்கு மினுக்காது, கைக்கு மெல்லிசாக மேடு பள்ளம் தட்டும். நாச்சிமுத்து மிச்ச எண்ணெயை ஊற்றி ஏறி நின்றார். எவ்வளவு தேய்த்தும் கால் நகரவில்லை. முழங்கையை இழுத்தார், தோலும் கீறவில்லை. கடைசியில் எண்ணெய் படாத ஓரமாகக் குனிந்து கன்னத்தை வைத்துப் பார்த்தார். சின்னப் பிள்ளை தூங்குவது போல் சற்று நேரம் அப்படியே இருந்தார்.

நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது. கல் தூசி விழுந்திருக்கும் என்று கையூம் துண்டை நீட்டினார்.

"இதையே போடுங்க பாய். தீபாவளிக்கு முன்னாடி பதிச்சு முடிச்சிரணும். பழைய கல்ல ஒங்க ஆளுகளே பேத்து எடுத்துட்டுப் போயிருங்க, எனக்கு ஒண்ணும் தர வேணாம். புதங்கெழம எம் மக பிள்ளைக்கு ஊசி போடப் போவா. அந்நேரம் வாங்க. பின்வாசல் பூட்டித்தான் கெடக்கு, சாவி நான் தாரேன்."

சும்மா வருகிற கல்லை வேண்டாம் என்று சொல்லக் கையூம் ஒன்றும் ஞானி இல்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. இன்னும் பளபளப்புக்கூடப் போயிருக்காது.

"மாப்ள மொகம் தெரியணும்னு ஆசையா வாங்குனீங்களேண்ணே. இப்ப அதுல என்ன தெரியலன்னு பேக்குறீங்க?"

நாச்சிமுத்து காலி பாட்டிலை மடியில் செருகிக்கொண்டார். செருப்பை மாட்டினார்.

"தெரியுது பாய். தல தீபாவளியன்னைக்கு எண்ணெ தேச்சுக் குளிக்கப் போகையில, அதுல வழுக்கி விழுந்து செத்தாரே, அந்த மொகந்தான் தெரியுது."