பதினெட்டு டிகிரி

"பதினெட்டு! எட்டு டிகிரி கூடிக் கிடக்கு, எமிலியா!"

தெர்மோமீட்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சூசைதாசன் குசினிக்குள் ஓடி வந்தார். முகம் பேயறைந்தது மாதிரி இருந்தது. எமிலியா பதறவில்லை. வீட்டில் ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"ஆருக்கு, உங்கடை வாளிக்கோ?" என்றாள், அப்பத் தாச்சியை அடுப்பில் ஒரு சுழற்றுச் சுழற்றியபடி.

வாளிக்குத்தான். குழாய் பூட்டிய அந்தப் பெரிய வாளிக்குள் சூசைதாசனின் லாகர் பியர் புளித்துக்கொண்டிருந்தது. பிராண்டே ஊரில், மின்சாரக் காற்றாடி செய்கிற தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற டேனிஷ்காரர்கள், "பியர் எங்களுடைய விசயம், நீ உன் கறியோடு நில்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார்கள். மனிதருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஈஸ்டர் விருந்துக்குத் தன் கையால் காய்ச்சின லாகரோடு வருவேன் என்று சவால் விட்டுவிட்டார். அது பிழையாகிப்போனால் பென்சன் எடுக்கும்வரை அவரைக் கறிவேப்பிலை என்றுதான் கூப்பிடுவார்கள்.

லாகருக்குச் சூடுதான் எமன். அதைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட் குளிரில், அடியில் கிடந்து, ஆறுதலாக வேலை பார்க்கவேண்டும். சூடு கண்டால் தலைகால் தெரியாமல் துள்ளி, பியரை வாழைப்பழம் மாதிரி மணக்கவைத்துவிடும். இன்டர்நெட்டில் எட்டில் வை என்றான் ஒருவன், பன்னிரண்டில் வை என்றான் இன்னொருவன். சூசைதாசன் நித்திரை முழித்து யோசித்துப் பத்து என்று முடிவெடுத்தார். எமிலியாவைக் கட்டுவதற்குக்கூட அவர் இவ்வளவு யோசிக்கவில்லை.

சலவை மெஷின் நிற்கிற சின்ன அறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜைப் போட்டு, அதில் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்றையும் பூட்டி, வாளியை உள்ளே குடிவைத்திருந்தார். அந்த அறைக்கு இங்கே ப்ரூகர்ஸ் என்று பெயர். முந்தின காலத்தில் வீட்டுக்கு வீடு பியர் காய்ச்சின அறையாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குக் கால் நிலத்தில் படவில்லை.

வெள்ளி இரவு பார்த்தபோது பத்து டிகிரிதான். நேற்று முழுக்க ஓவர்டைம், எட்டிப்பார்க்கவில்லை. இன்று பூசை முடிந்து வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் பதினெட்டு, குமிழை யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

சூசைதாசனின் பார்வை சாப்பாட்டு மேசைக்குப் போனது. அங்கே எமிலியாவின் அண்ணன் அந்தோனிமுத்து அப்பத்துக்குச் சம்பல் தொட்டுக்கொண்டிருந்தார். மனைவி மகளின் பேறு பார்க்கக் கனடா போனதிலிருந்து, சனி ஞாயிறென்றால் ஓல்போர்க்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்கு வந்துவிடுவார். மடு மாதாவுக்கு நேர்ந்து குடியை விட்ட மனிதர். விட்டதோடு நிற்காமல், காண்கிறவர்களையெல்லாம் விடச்சொல்லித் தொல்லை கொடுக்கிறவர்.

"அத்தான், நேற்று முழுநாளும் வீட்டிலை நிண்டது நீங்கள்தானே?"

"ஓம், நிண்டனான். அதுக்கு?"

"என்ரை ஃபிரிட்ஜிலை கைவைச்சனீங்களோ?"

"அந்தச் சனியன் இருக்கிற அறைப்பக்கம் நான் தலைவைச்சும் படுக்கமாட்டன்."

"உந்த வாளியை ஒருநாளைக்குத் தூக்கி எறிவன் எண்டு நீங்கள் சொல்லேல்லையோ?"

"எறிவன் எண்டுதான் சொன்னனான். சூடாக்குவன் எண்டு சொன்னனானோ?"

எமிலியா இன்னொரு அப்பத்தைக் கொண்டுவந்து அண்ணனின் தட்டில் போட்டாள். "ரெண்டு பேரும் சத்தம் போடாமல் சாப்பிடுங்கோ. ஆறினால் நல்லாயிராது."

"உன்ரை அப்பம்தான் தங்கச்சி இந்த வீட்டிலை ஒரு நிம்மதி," என்றார் அந்தோனிமுத்து. "போன கிழமை கல்லு மாதிரிக் கிடந்தது. இண்டைக்குப் பஞ்சு!"

"கதையை மாத்தாதேங்கோ!" சூசைதாசனுக்கு உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. "பியர் வாழைக்குலை மாதிரி மணக்குது. முழு வேலைத்தலமும் என்னைப் பாத்துச் சிரிக்கப்போகுது. உங்களுக்கு அதிலை என்ன சந்தோசம்? நீங்கள் இல்லையெண்டால் சத்தியம் பண்ணுங்கோ!"

அந்தோனிமுத்து கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். சம்பல் கையை அப்படியே நெஞ்சில் வைத்தார். வெள்ளைச் சட்டை வீணாய்ப்போனது.

"மடு மாதா அறிய, நேர்ந்த நாளிலையிருந்து ஒரு சொட்டு இந்தத் தொண்டைக்குள்ளாலை இறங்கேல்லை! உன்ரை பியரிலை என்ரை நிழல்கூடப் பட்டிருக்காது! காணுமோ?"

சொல்லிவிட்டு உட்கார்ந்து, மிச்ச அப்பத்தை ஒரே வாயாகப் போட்டுக்கொண்டார்.

சத்தியம் என்றதும் சூசைதாசன் அடங்கிப்போனார். மாதாவை இழுத்த பிறகு மேலே என்ன கதைக்கிறது? தெர்மோமீட்டரை மேசையில் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்தார்.

"அப்ப குமிழைத் திருப்பினது ஆர்? பேயோ?"

எமிலியா அடுப்பை நிற்பாட்டினாள்.

"நான்தான்."

இரண்டு ஆண்களும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தோனிமுத்துவின் வாய் மென்றபடி இருந்தது.

"நீயோ? உனக்கும் அதுக்கும் என்னடியப்பா?"

"பத்து டிகிரியிலை அது பொங்காமல் நித்திரையெல்லோ கொள்ளுது!" எமிலியாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "கள்ளில்லாத ஊரிலை அப்ப மாவுக்கு வேறை என்னத்தை ஊத்துறது?"