போட்டிக்கு ஒரு போட்டோ

"இந்த சைஸ்ல அனுப்பினா போட்டிக்கு எடுத்துக்க மாட்டாங்க சார்," என்றாள் டீனா. "நானா பெருசு பண்ணினா பாப்பா மூஞ்சியே கலங்கிப் போயிடும்."

ஆஸ்டின் டவுனில் அவள் நடத்திவந்த சின்ன ஸ்டுடியோவில் மதியத்தில் அவ்வளவாக ஆள் வராது. அன்றைக்கு வந்திருந்தவர் கணேசமூர்த்தி ஒருவர்தான். ஆன்லைனில் நடக்கும் குழந்தைகள் புகைப்படப் போட்டிக்குத் தன் மகள் தர்ஷினியின் படத்தை அனுப்ப வேண்டும் என்றார். விதிமுறைகளைப் போனில் எடுத்துக் காட்டினார். படம் இவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஐந்து எம்பியைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் இருந்தது. ஆனால் அவரிடம் இருந்தது, மச்சினி மகா எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டு, யாரோ ஒரு சொந்தக்காரர் அவருக்கு அனுப்பிவைத்த படம். சுருங்கிப் போயிருந்தது.

மொட்டை மாடியில் மழையில் நனைந்தபடி, முன்பற்கள் விழுந்த வாயால் சிரித்துக்கொண்டிருந்தாள் சின்னப் பெண். டீனாவுக்கே அந்தப் படம் பிடித்துவிட்டது. எடுத்தவரிடமே ஒரிஜினலைக் கேட்டு வாங்குங்கள், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொன்னால் அப்படியே வரும், அதைப் போட்டிக்குத் தேவையான அளவுக்குக் குறைத்துத் தருகிறேன் என்றாள்.

கணேசமூர்த்தி தயங்கினார். மகாவுக்கும் தனக்கும் சின்ன மனஸ்தாபம் என்றார்.

"நான் கேட்டா தரமாட்டா. நீங்க கேளுங்களேன் மேடம். ஸ்கூல்ல நம்பர் குடுத்தாங்கன்னு சொல்லுங்க. என் பேரு வேண்டாம். என் வொய்ஃப் ராதாவுக்கும் சர்ப்ரைஸா இருக்கட்டும்."

பிள்ளைகளின் படத்துக்காக ஸ்டுடியோ படியேறுகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். ஓர் அப்பா இப்படி மெனக்கெடுவதைப் பார்த்து டீனாவின் மனம் இளகியது. இந்தப் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம் என்று போனை எடுத்தாள்.

மகா முதலில் சந்தேகமாகத்தான் பேசினாள். யார் நடத்துகிறார்கள், குழந்தையின் பேர், விலாசம் எல்லாம் வெளியே வருமா என்று துருவினாள். பேர்கூட வேண்டாம், படம் மட்டும் போதும் என்று டீனா பொறுமையாகச் சொன்னாள். அந்தப் பெண்குரலின் நிதானத்தில் மகா கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தாள்.

"சரி, அனுப்பறேன். பாவம், அவளுக்கும் ஒரு சந்தோஷம் வேணுமில்ல," என்றாள்.

படம் வந்தது. டீனா அதைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஓரங்களை வெட்டி, முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, போட்டிக்காரர்கள் கேட்ட அளவுக்குக் கொண்டுவந்தாள். கணேசமூர்த்தி சும்மா தலையாட்டினார்.

"அந்த ஒரிஜினலையும் என் போனுக்கு அனுப்பிடுங்க மேடம். எதுவும் மாத்தாம, அப்படியே."

அனுப்பினாள். அவர் அதைத் திறந்து விரலால் மேலே தள்ளி, நெடுநேரம் பார்த்தபடி நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. அதைக் கவனிக்காததுபோல் டீனா வேறுபக்கம் திரும்பிக்கொண்டாள். இன்றைக்குத்தான் கடைசி நாள், இங்கிருந்தே ஏற்றிவிடட்டுமா என்று கேட்டதற்கு, தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு அவர் அவசரமாகக் கிளம்பிப் போனார்.

சாயங்காலம் மகாவே கூப்பிட்டாள். படம் போட்டியில் வந்துவிட்டதா, லிங்க் இருந்தால் வேண்டும் என்றாள். அக்காவுக்கு அனுப்பத்தான், ஏனோ அவள் இன்னும் போனை எடுக்கவில்லை என்றும் சொன்னாள்.

டீனா போட்டியின் பக்கத்தைத் தேடிப் பார்த்தாள். தர்ஷினியின் படம் அங்கே இல்லை. ஏற்றும்போது ஏதாவது தகராறோ என்று மகா அனுப்பிய ஒரிஜினலை மறுபடி திறந்துகொண்டே, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உண்மையைச் சொன்னாள்.

"பாப்பாவோட அப்பாதாம்மா வந்திருந்தாரு. சர்ப்ரைஸா இருக்கட்டும், பேர் சொல்லாதீங்கன்னாரு. நீங்க அனுப்பினத அவருகிட்டயே குடுத்துட்டேன்."



"அக்காவ உயிரோட கொளுத்தப் பாத்த ஆளு மேடம் அது." மகா கத்தினாள். "ஜாமீன்ல வெளிய இருக்கான். அக்காவும் பாப்பாவும் எங்க இருக்காங்கன்னு நாங்க பெத்த அம்மாகிட்டகூட சொல்லல."

டீனாவின் பார்வை திரைக்குப் போனது. சிரிக்கும் குழந்தைக்குப் பக்கத்தில், படம் எடுத்த இடம் என்று எலெக்ட்ரானிக் சிட்டியின் ஒரு குறுக்குத் தெருவும் அதிலிருந்த கட்டடமும், சிவப்புப் புள்ளி வைத்த வரைபடமாகத் தெளிவாகத் தெரிந்தன.