சோறு ஆறுது

ஏழாவது பாட்டு வரை அவள் எங்குமே இல்லை.

அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கணவனின் ஆல்பத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேண்ட் உடைந்த பிறகு அவன் தனியாகப் பாடிய முதல் ஆல்பம். காலையில்தான் வெளியாகியிருந்தது.

அதற்கு முன்பே தனித்தனியாக விட்ட மூன்று சிங்கிள்களும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. முதலாவது, பேண்டில் அவனோடு பாடிய பெண்ணைப் பற்றி. அது எல்லோருக்கும் தெரியும். அடுத்தது, பிரிந்துபோன நண்பர்களுக்கு. மூன்றாவது, அவன் பிறந்த குளச்சல் கடலுக்கு.

கடலுக்குக்கூட ஒரு பாட்டு! பெண்டாட்டிக்கு ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் எல்லாப் பாட்டும் இந்த வீட்டுப் படுக்கையறையில்தான் உருவானது. மெத்தையைச் சுவரில் சாய்த்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடுவான். குக்கர் விசில் மைக்கில் விழுந்துவிடுமே என்று ஒரு வருஷமாக அவள் பானையில் சோறு வடித்தாள். சொந்த வீட்டில் பூனை மாதிரி நடந்தாள்.

ஒரே ஒரு நாள் பொறுமை போய்விட்டது. வாளைமீன் குழம்பு வைத்துவிட்டு மத்தியானம் முழுக்கக் காத்திருந்தவள், கதவைத் தள்ளித் திறந்து கத்திவிட்டாள். ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

அவள் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவனைச் சாப்பிடக் கூப்பிட்டதே இல்லை. மூடி வைத்துவிடுவாள். அவன் எப்போதாவது வந்து சாப்பிடுவான். சண்டைகூட இல்லை. சண்டை போட்டிருந்தால் தேவலாம்.

ஆல்பம் வரட்டும், அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் நினைத்திருந்தாள்.

எட்டாவது பாட்டு. அதுதான் கடைசி.

கிடார் அடங்கியது. கதவு ஒன்று கிறீச்சிட்டது.

"ஜோவி, சோறு ஆறுது. வாறியா, இல்லியா?"

அவள் குரல். அதே எரிச்சல், அன்றைக்கு இருந்த அதே ஜலதோஷம். அடப்பாவி, ஊரே கேட்குமே! கூசிப்போனாள்.

அடுத்து வரும் மௌனம் அவளுக்குத் தெரியும்.

அது வரவில்லை.

"இன்னா வந்துட்டேன்."

இதோ வந்துவிட்டேன் என்று அன்றைக்கு அவன் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

பிறகு என்றைக்கோ, அந்த அறையில் தனியாக மைக் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறான். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தானோ.

பாட்டுக்குள் ஒரு நாற்காலி நகர்ந்தது. அத்தோடு முடிந்தது.

அவளுக்கு அழுகை முட்டியது. சிரிப்பும் வந்தது.

ஹெட்போனைக் கழற்றினாள். இன்றைக்கு வைத்த குழம்பு இன்னும் சூடாக இருந்தது. காலையிலிருந்து அவன் அறையைவிட்டு வெளியே வரவில்லை. பாட்டுச் சத்தமும் இல்லை, பேச்சுச் சத்தமும் இல்லை.

கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தட்டவில்லை.

"ஜோவி," என்றாள். "சோறு..."

உள்ளே நாற்காலி நகர்ந்தது.