பதில் எழுதினவர்

“இன்னிக்கு இன்னா எழுதிக்கீறாங்க?” என்று கேட்டார் ராஜேந்திரன்.

பிரவுசிங் சென்டரிலிருந்து வந்த மகள் தமிழ்ச்செல்வி நிமிராமல் செருப்பைக் கழற்றினாள். “அதேதாம்பா. வுடு.”

“சொல்லும்மா.”

“நீ குடிச்சிட்டு நின்னியாம். பையன் வுயுந்ததை வேடிக்கை பார்த்துக்கினு இருந்தியாம். உன்னையும் அந்த முதலைங்க கிட்டயே தள்ளணுமாம்.”

ராஜேந்திரன் கட்டுப்போட்ட வலது கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டார். கடற்கரைச் சாலையில் இருந்த அந்தத் தனியார் விலங்குப் பூங்கா அவரை வேலையை விட்டு நிறுத்தியிருந்தது. பள்ளிச் சுற்றுலா வந்த சிறுவன் ஒருவன் சுவரில் ஏறி முதலைத் தொட்டிக்குள் விழுந்துவிட்டான். அவர் குதித்துத் தூக்கினார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும்தான் பையனுக்கு உயிர் இருந்தது. யாரோ செல்போனில் எடுத்து இணையத்தில் போட்ட படத்தில், அவர் குதிப்பதற்கு முன்னால் சுவரோரம் நின்றது மட்டும்தான் இருந்தது.

“அந்த பிரபா?”

“அவங்க மட்டும்தான் உனக்காகப் பேசறாங்க. ‘சுவரை விட்டு இறங்கு இறங்குன்னு கத்தினது அவர்தான், உள்ளே குதித்ததும் அவர் ஒருத்தர்தான்’னு ஒவ்வொருத்தனுக்கும் பதில் எழுதறாங்க. நீ அந்தாளுக்குச் சொந்தமான்னு அவங்களையும் அசிங்கமா திட்றானுங்க. ‘உங்களை ஒருதரம் பார்க்கணும்’னு நான் அவங்களுக்கு எழுதிப் போட்டேன். இன்னிக்கு வரேன்னு சொல்லிக்கீறாங்க.”

“வரட்டும்,” என்றாள் அவர் மனைவி முனியம்மா. “நம்ம பக்கம் பேசின ஒரே ஆளு.”

வெயில் தாழ்ந்ததும் திருவிடந்தை கோயில் தெருவில் ஆட்டோ வந்து நின்றது. அணுபுரத்திலிருந்து வருவதாகச் சொன்ன பிரபாவதி நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

“நீங்க அன்னிக்கு அங்க இருந்தீங்களா?” என்று கேட்டாள் தமிழ்ச்செல்வி.

“இல்லைம்மா. ஆபீஸ்ல இருந்தேன்.”

“அப்புறம் எப்படித் தெரியும்?”

“டூர் போன பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் போய்க் கேட்டேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க.”

“நீங்க டீச்சருங்களா?” என்றாள் முனியம்மா.

பிரபாவதி இல்லை என்று தலையசைத்தாள்.

ராஜேந்திரன் தொண்டையைச் செருமினார். “இனிமே எழுதாதீங்கம்மா. எனக்காக நீங்க ஏன் பேச்சு வாங்கணும்? எனக்குப் பழகிப்போச்சு. தூக்கினு வந்தும் அந்தப் புள்ள பொழைக்கலியே.”

பிரபாவதி அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பி நிறுத்தும் சத்தம் கேட்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போன வேன்ல உங்க மடியிலதான் படுத்திருந்தானாம். கொஞ்ச நேரம் கண்ணு திறந்திருந்துச்சாம். கூட வந்த டீச்சர் சொன்னாங்க,” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்:

“என்னைக் கூப்பிட்டானா, அண்ணா? நான் ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள போயிட்டான் என் பிள்ளை.”