மாடியில் கேட்ட எதிரொலி

“டேய், மூச்சு விடாத! ஒரு தபாதான் கம்பிய மீட்டுச்சு. மூணு தபா கேக்குது பாரு!”

சொல்லிக்கொண்டே கோபாலின் தொடையில் ஓங்கி ஒரு அடி வைத்தான் பெஞ்சமின். உத்திரமேரூரில், ஸ்ரீராம்குமார் வீட்டுக் கூடத்தில், இருவரும் மாடிப்படியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மேலேயிருந்து கிட்டார் சத்தம் வந்துகொண்டிருந்தது.

“வலிக்குதுடா! இதுக்கா புள்ளலூர்லேர்ந்து வெயில்ல இஸ்துக்கினு வந்த? இன்னாதுடா அந்தப் பெடலு?”

“டிலே பெடலுடா. கால்ல மிதிக்கிற டப்பா. பிளக்குல சொருவி, கிட்டார் ஒயர அது வழியா ஸ்பீக்கருக்கு உட்டா, நீ ஒரு தபா வாசிச்சத அது திருப்பித் திருப்பி சொல்லிக்கினே போயி தேஞ்சிடும்.”

“எங்க சித்தப்பா குடிச்சா அப்டித்தான். டப்பாவே வாணாம்.”

“வாய மூடுறியா?”

பெஞ்சமினுக்குச் சிரிப்பு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆண்டு விழா. முதல் பாட்டு அவனுடைய கிட்டாரில்தான் தொடங்க வேண்டும். ‘எதிரொலி வர்ற மாதிரி வாசிக்கிறேன், பாருங்க’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். ‘விரலே வரல, எதிரொலி வருதாம்’ என்று கீபோர்டுக்காரன் சிரித்தான். எதிரொலி இல்லையென்றால் முதல் பாட்டு கீபோர்டுக்குப் போய்விடும்.

நல்ல பெடல் புதிதாக வாங்க, அவனுடைய இரண்டு மாத சென்ட்ரிங் வேலைக் கூலி போதாது. கையிலிருக்கும் காசுக்குக் கிடைக்கிற புதுப் பெடலை மொபைலில் கேட்டுப் பார்த்தான். தகர டப்பாவில் கோலிகுண்டை உருட்டியது போல இருந்தது. எட்டுகிற விலையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான். ஓசூரில் வேலை கிடைத்துக் கிளம்பும் ஸ்ரீராம்குமார் விற்கப்போகும் பழைய பெடல்.

அதற்கும் ஒருத்தி முந்திக்கொண்டாள்.

“மேல ஒரு பொண்ணு அப்பவே வந்து குந்திக்கினு கீதுப்பா. அதே டப்பாவுக்குத்தான். ஸ்ரீராமு கடைக்குப் போயிக்கிறான், வந்துடுவான்” என்று அவர்கள் வந்ததுமே சொல்லி, ஸ்ரீராம்குமாரின் அம்மா கோமளவல்லி விசிறிக்கொள்ள இரண்டு பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கொடுத்தாள். கிரைண்டரில் கிடந்த அரிசியை ஒரு முறை முறைத்துவிட்டு உள்ளே போனாள்.

தெருவில் ஒரு டிவி சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில் மேலேயிருந்து வந்த ஒவ்வொரு ஒலியும் தெளிவாகக் கேட்டது. ஒரு சுரம் விழும். அதே சுரம் கொஞ்சம் சின்னதாகத் திரும்பி வரும். பிறகு இன்னும் சின்னதாக. ஏரியின் இந்தக் கரையில் நின்று கூப்பிட்டால், எதிர்க்கரை பதில் சொல்வது போல. அது தேய்ந்து முடிவதற்குள் அடுத்த சுரம் வந்து அதன் தோளில் கை போடும்.

பெஞ்சமின் கையை நீட்டிக் காட்டினான். மயிர் சிலிர்த்து நின்றது.

“கேட்டியா? ஒவ்வொரு தபாவும் ஒவ்வொரு மாதிரி தேயுது. மெஷினு மாதிரியே இல்லடா! உயிரு கீதுடா அதுக்கு!”

கோபால்கூட விசிறுவதை நிறுத்திவிட்டான். “ஆமான்டா... இன்னாவோ பண்ணுது.”

சத்தம் நின்றது. தோளில் கிட்டார் பையோடு ஒரு பெண் இறங்கி வந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. தேவயானி என்று அதில் பெயர் இருந்தது. பெஞ்சமின் துள்ளி எழுந்தான்.

“எப்டி கீதுங்க பெடலு?”

“நல்லாத்தான் இருக்கும்னு நெனக்கிறேன்” என்றாள் அவள்.

எவ்வளவு அடக்கம் என்று வியந்தான் பெஞ்சமின். “தப்பா நெனைக்காதீங்க. நீங்க வாங்கலன்னா எனக்கு உட்டுக் குடுக்கறீங்களா? ஞாயித்துக்கெழம சர்ச்சுல வாசிக்கணும். இத உட்டா என் காசுக்கு வேற கெடைக்காதுங்க.”

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மாடிப்படியை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“எடுத்துக்கங்கண்ணா. எவ்ளோ நேரம்தான் நானும் காத்துக்கினு கீறது? கம்பெனி பஸ்ஸு போயிடும். ரெண்டு வருஷமா பெடலு இல்லாமத்தான் சமாளிச்சிக்கினு கீறேன். இன்னும் கொஞ்ச நாளு ஓட்டிக்கறேன்.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். தெருமுனையில் எதிர்ப்பட்ட ஸ்ரீராம்குமாரிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனாள். அவன் உள்ளே நுழைந்ததுமே பெஞ்சமின் பணத்தை அவன் கையில் திணித்தான். மாடிக்குப் போய்ப் பெடலை எடுத்துவந்தான் ஸ்ரீராம்குமார். அது பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.

“கொஞ்ச நேரம் இருந்து டெஸ்ட் பண்ணிட்டு எடுத்துக்கினு போ நைனா. அப்பறம் என்னைக் கொற சொல்லக் கூடாது.”

“இன்னா டெஸ்ட்டு? வந்ததுலேர்ந்து அதத்தானே கேட்டுக்கினு கீறோம்!”

“எத?” என்று விழித்தான் ஸ்ரீராம்குமார்.

அப்போது தலைக்கு மேலே ஃபேன் ஒரு முனகல் முனகிச் சுற்றத் தொடங்கியது. சமையலறையில் கிரைண்டர் உறுமியது. “அப்பாடா! மாசா மாசம் இதே பேஜாரு. காலைல போன கரண்டு இப்பத்தான் வருது!” என்றாள் கோமளவல்லி.

பெஞ்சமின் கையிலிருந்த பெடலைப் பார்த்தான். மாடியைப் பார்த்தான். பிறகு தெருவுக்குப் பாய்ந்தான்.

“டேய் கோபாலு, வண்டிய எடுடா! அது பெடலே இல்லடா, அந்தப் பொண்ணு வெரலு! ஞாயித்துக்கெழம கூப்ட்டா வரும்ன்றியா?”